தேடலும் தெளிவும்: மறைபொருள் மர்ம விளையாட்டுகளை மதிப்பிடுவதற்கான அளவுகோல்

ஆய்வுச்சுருக்கம்

மறைபொருள் தேடல் என்னும் கணினி விளையாட்டு வகைமை மர்மக் கதையோடும் சாகசப் புதிரோடும் இணைந்து வளர்ந்துள்ளது. இதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும், படத்தின் அழகையும் ஆட்டத்தின் நீளத்தையும் மட்டும் கொண்டு அளப்போரும் இதன் மையச் செயலாகிய தேடலை மதிப்பிடுவதில்லை. தேடிக் கண்ட பொருள் கதையைப் பற்றிய அறிவாக மாறுகிறதா என்னும் வினாவே இவ்வகைமைக்குரிய முதன்மை அளவுகோலாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மறைபொருள் தேடல், மர்மக் கதை, கருப்பொருள், பிசி, பட்டியல் மொழி, மதிப்பீடு.

முன்னுரை

கணினி விளையாட்டுகளைத் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்ளும் போக்கு கடந்த முப்பதாண்டுகளில் வேரூன்றியுள்ளது. எஸ்பென் ஆர்செத்தின் ‘சைபர்டெக்ஸ்ட்’, ஜேனட் மரேயின் ‘ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்’ ஆகிய இரு நூல்களும் 1997இல் வெளிவந்தன. கண்ணை ஓட்டிப் பக்கத்தைப் புரட்டுவதற்கு மேலாக, வாசகரின் குறிப்பிடத்தக்க உழைப்பை வேண்டி நிற்கும் பனுவல்கள் உண்டு என்பது ஆர்செத்தின் கருத்து. இக்கருத்துக்குப் பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுவன போர் விளையாட்டுகளும் பெருங்கதை விளையாட்டுகளுமே. உற்றுநோக்குதல் ஒன்றையே உழைப்பாகக் கேட்கும் மறைபொருள் தேடல் விளையாட்டுகள் அவ்வரிசையில் மிக அரிதாகவே இடம்பெறுகின்றன.

இப்புறக்கணிப்பு தற்செயலானதன்று. இவ்வகை விளையாட்டுகளை ஆடுவோருள் நடுவயதுப் பெண்களும் முதியோரும் கணிசமானோர். எளிய விளையாட்டுகளின் எழுச்சியை ஆராய்ந்த ஜெஸ்பர் யூல் 2009இல் வெளியிட்ட ‘எ கேஷுவல் ரெவல்யூஷன்’ நூலும், பெண்களுக்கென வடிவமைக்கப்படும் விளையாட்டுகளை ஆராய்ந்த ஷீரா செஸ் 2017இல் வெளியிட்ட ‘ரெடி பிளேயர் டூ’ நூலும், ஆடுவோரைக் கொண்டு விளையாட்டின் தரத்தை முடிவுசெய்யும் மனப்பான்மையை வெவ்வேறு கோணங்களில் கேள்விக்கு உட்படுத்தின. ஒரு வகைமைக்குத் தக்க திறனாய்வு இல்லாதபோது, அதன் தரத்தை விற்பனைச் சொற்களே வரையறுத்துவிடுகின்றன. அதனால் இழப்புக்கு உள்ளாவோர் அவ்வகைமையை விரும்பி ஆடுவோரே ஆவர்.

வகைமையின் தோற்றமும் வளர்ச்சியும்

படத்துள் பொருளை மறைத்துவைத்துத் தேடச் செய்யும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. அமெரிக்காவில் 1946இல் தொடங்கப்பெற்ற ‘ஹைலைட்ஸ்’ சிறுவர் இதழ் அதன் மறைபடப் பக்கத்தால் பெயர்பெற்றது. பிரித்தானிய ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் 1987இல் வெளியிட்ட ‘வேர்ஸ் வாலி?’ நூல், பெருங்கூட்டத்துள் ஒரேயொரு மனிதனைத் தேடச் செய்தது. மற்றொரு புறம், 1993இல் வெளிவந்த ‘மிஸ்ட்’ விளையாட்டு, ஆளரவமற்ற இடங்களில் எஞ்சியுள்ள பொருள்களையும் ஏடுகளையும் கொண்டு நடந்ததை உய்த்துணரும் முறையைப் பரவலாக்கியது.

இவ்விரு மரபுகளும் சந்தித்த இடமே மறைபொருள் மர்ம விளையாட்டு. சியாட்டில் நகரைச் சார்ந்த பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம் 2005இல் ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ விளையாட்டை வெளியிட்டது. ஒரு சிற்றூரின் குற்றங்களைத் துப்பறியும் பெயரில், குறித்த காலவரம்புக்குள் பட்டியலிலுள்ள பொருள்களைக் கண்டு சொடுக்குவதே இதன் ஆட்டமுறை. 2006இல் வெளிவந்த ‘ரேவன்ஹர்ஸ்ட்’, எம்மா என்னும் பெண்ணின் நாட்குறிப்பைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தித் தேடலைக் கதையோடு பிணைக்க முயன்றது. 2008இல் வந்த ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்’, ஆடுவோர் இடம்விட்டு இடம் சென்று, எடுத்த பொருளை வேறோரிடத்தில் பயன்படுத்தும் சாகச அமைப்பை ஏற்றது. போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முன்டி போன்ற நிறுவனங்கள் பின்னர் இவ்வமைப்பையே தம் அடிப்படையாகக் கொண்டன. மூன்றாண்டுகளுக்குள் தேடல், புதிர், கதை ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. அவை ஒன்றோடொன்று உறவு கொண்டனவா என்பதே ஆராயத்தக்கது.

மதிப்பீட்டின் இன்றைய நிலை

இவ்விளையாட்டுகள் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் எண்ணிக்கை சார்ந்தவை. எத்தனை மணி நேரம் ஆடலாம், எத்தனை தேடற்காட்சிகள் உள்ளன, சிறப்புப் பதிப்பில் கூடுதல் அத்தியாயம் உண்டா, வழிகாட்டி நூல் இணைந்துள்ளதா என்பன போன்ற வினாக்களுக்கு அவை விடை தருகின்றன. ஓவியத்தின் நேர்த்தியும் இசையின் இனிமையும் தனித்தனியே மதிப்பெண் பெறுகின்றன. பணம் கொடுத்து வாங்குவோருக்கு இத்தகவல்கள் பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு புதினத்தின் பக்க எண்ணிக்கையையும் அட்டைப்படத்தையும் கூறிவிட்டுக் கதைப்பின்னலைப் பற்றி வாய் திறவாத மதிப்புரை எத்துணைக் குறையுடையதோ, அத்துணைக் குறையுடையது தேடலின் தரத்தைக் கூறாத மதிப்புரையும். தேடலை மதிப்பிட நேர்மை, இயைபு, அறிவுப்பேறு என்னும் மூன்று படிகள் தேவைப்படுகின்றன. இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது. முதலிரண்டும் அதற்கு அடித்தளமிடுவன.

மறைத்தலின் நேர்மை

துப்பறியும் கதை எழுதுவோருக்கு ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிவோர் காணும் தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மறைபொருள் விளையாட்டில் இவ்விதி ஓவியரைச் சாரும். பொருள் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். இருந்தும் அது காணப்படாமைக்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும்.

காட்சித் தேடலைப் பற்றி ஆன் டிரீஸ்மனும் கேரி கெலேடும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இங்குத் துணைபுரிகிறது. பச்சை நிறப் பொருள்களுக்கு இடையே உள்ள சிவப்புப் பொருள் தானே கண்ணில் படும். தேடப்படும் பொருள் நிறத்தால் சிலவற்றையும் வடிவத்தால் வேறு சிலவற்றையும் ஒத்திருப்பின், கவனம் ஒவ்வோரிடமாகச் செல்ல வேண்டியிருக்கும். திறமையான ஓவியர் இவ்வொப்புமையைக் கொண்டே மறைக்கிறார். நாற்காலியின் வளைந்த கையோடு ஒட்டிய பாம்பும், திரைச்சீலையின் மடிப்போடு இணைந்த குடையும் காணப்பட்டவுடன் ஆடுவோருக்கு ஒருவகை மகிழ்ச்சியைத் தருகின்றன. அவர் பார்த்திருந்தும் காணவில்லை, இப்பொழுது காண்கிறார். மாறாக, ஒரு சாவியை அரிசியளவாகச் சுருக்கி இருண்ட மூலையில் மங்கலாக வரைந்துவைப்பது திரையின் ஒளியளவையும் கண்ணின் வலிமையையும் மட்டுமே சோதிக்கிறது. முதியோர் பலர் ஆடும் வகைமையில் இக்குறை சிறியதன்று. கண்டபின் வியப்பு எழுகிறதா, எரிச்சல் எழுகிறதா என்பதே மறைத்தலின் நேர்மையை அறியும் எளிய சோதனையாகும்.

பொருளும் இடமும்

இரண்டாம் படி இயைபு. தொல்காப்பியம் அகத்திணையியலில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய தெய்வம், உணா, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுக்கிறது. அன்பின் ஐந்திணைக்கு வகுத்த இலக்கணத்தைக் கணினி விளையாட்டின்மேல் அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. எனினும், ஓரிடத்தின் பொருள்கள் அவ்விடத்தின் வாழ்வைப் பேசும் என்னும் அடிப்படைப் பார்வை இங்குப் பயன்படுகிறது.

தொடக்ககால விளையாட்டுகளில் இவ்வியைபு பெரும்பாலும் இல்லை. குற்றம் நிகழ்ந்த இடம் எதுவாயினும், பட்டியல் எந்தக் கடையிலிருந்தும் எடுத்த பொருள்களின் தொகுதியாக இருக்கும். அடுக்களையில் நங்கூரமும், படுக்கையறையில் போக்குவரத்துக் கூம்பும் தேட வேண்டியிருப்பது இவ்வகைமையை ஆடுவோர் நெடுங்காலமாகக் கூறிவரும் நகைச்சுவை. பொருள் இடத்துக்கு உரியதாக அமையும்போது தேடல் வேறு தன்மை அடைகிறது. மருத்துவர் ஒருவரின் மேசையில் எவையெவை இருக்கும் என ஆடுவோர் முன்கூட்டியே எண்ணத் தொடங்குகிறார். அவ்வெண்ணம் வளர்ந்த பின்னரே, இருக்கக்கூடாத ஒரு பொருள் அங்கிருப்பது தடயமாகத் தோன்ற முடியும். எல்லாமே பொருந்தாதவையாக உள்ள அறையில் பொருந்தாமை ஒரு செய்தியாக இயலாது. எனவே இயைபு வெறும் அழகன்று; மர்மம் தோன்றுவதற்கான முன்நிபந்தனையாகும்.

சாகசப் பகுதிக்கும் இது பொருந்தும். கையில் கத்தி இருந்தும் கயிற்றை அறுக்க இயலாது. விளையாட்டு நியமித்த வேறொரு கத்தியைத் தேடிவர வேண்டும். கதவைத் திறக்கச் சாவி போதாது. உடைந்த பதக்கத்தின் துண்டுகளை மூன்று அறைகளில் திரட்ட வேண்டும். மாளிகையில் வாழ்ந்தவர் நாள்தோறும் இவ்வாறா கதவைத் திறந்தார் என்னும் வினா எழுந்தவுடன் அவ்விடம் வீடாக இராமல் தடைகளின் வரிசையாகச் சுருங்கிவிடுகிறது.

கண்டறிதல் அறிதலாதல்

துப்பறியும் கதை இரு கதைகளைக் கொண்டது என்று ட்ஸ்வெட்டான் டோடோரோவ் 1966இல் விளக்கினார். முன்னர் நிகழ்ந்து முடிந்த குற்றத்தின் கதை ஒன்று. அதனை ஆராயும் துப்பறிதலின் கதை மற்றொன்று. மறைபொருள் மர்ம விளையாட்டில் இரண்டாவது கதை ஆடுவோரின் கையிலேயே ஒப்படைக்கப்படுகிறது. அவர் தேடுவதே துப்பறிதல். ஆகவே அவர் காணும் பொருள் முதற்கதையைப் பற்றி ஏதேனும் உணர்த்த வேண்டும். உணர்த்தாதாயின், துப்பறிதல் என்னும் பெயர் மட்டுமே எஞ்சும்.

‘ரேவன்ஹர்ஸ்ட்’ இவ்வகையில் நிறையும் குறையும் ஒருங்கே உடையது. சார்லஸ் டாலிமாரின் திருமண வேண்டுகோளுக்கு இசையாத எம்மா அவனது மாளிகையில் அடைபட்ட வரலாறு நாட்குறிப்பின்வழி மெல்ல விரிகிறது. அதன் சோகம் ஆடுவோரைத் தொடர்ந்து செல்லத் தூண்டுகிறது. ஆயினும் பட்டியலில் உள்ள பொருள்களுக்கும் அந்நாட்குறிப்புக்கும் உள்ள உறவு தளர்வானது. பொருள்களைக் கண்டதற்குப் பரிசாகவே கதை கிடைக்கிறது. பொருள்களிலிருந்து கதை கிடைப்பதில்லை. ஒரு பெண்ணின் துயரம் கூலியாக வழங்கப்படும் இம்முறையில் ஓர் அறச்சிக்கலும் உள்ளது. அடைபட்டிருந்தவளின் உடைமைகளைத் துழாவும் கை, அவளைப் பற்றி எதுவும் அறியாமலேயே பட்டியலை முடித்துவிட முடிகிறது.

2009இல் வெளிவந்த ‘டயர் குரோவ்’ வேறொரு வழியைக் காட்டுகிறது. பனி மூடிய சிற்றூரில் காணாமற்போன மாணவர்கள் பதிவுசெய்த ஒளிப்பேழைகளை ஆடுவோர் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கிறார். நடிகர்களைக் கொண்டு படம்பிடிக்கப்பட்ட அக்காட்சிகள், ஆடுவோர் நிற்கும் இடத்துக்கு அவர்களும் வந்திருந்தனர் என்பதை உணர்த்துகின்றன. கண்ட பொருளே முதற்கதையின் ஒரு துண்டாக அமைவதால், அடுத்த அறையை ஆடுவோர் பார்க்கும் பார்வை மாறுகிறது. இம்மாற்றமே அறிவுப்பேறு. ஒரு காட்சியைத் தேடி முடித்தபின் அதே அறை ஆடுவோருக்கு வேறு பொருள் தருகிறதா என வினவுவது மதிப்பீட்டாளரின் முதற்கடமையாகும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பகலெல்லாம் உழைத்துக் களைத்தோர் சிறிது நேரம் மனத்தை ஓய்வாக வைத்திருக்கவே இவற்றை ஆடுகின்றனர். அவர்களுக்குத் தொடர்பற்ற பொருள்களின் குவியலே இன்பம் தரும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஏட்ரியான் டி யோங்கும் சில்வைன் டெக்ரோக்கும் 2017இல் வெளியிட்ட ‘ஹிடன் ஃபோக்ஸ்’ எவ்வித மர்மத்தையும் முன்வைக்காமல், கையால் வரைந்த கோட்டோவியங்களும் வாயால் எழுப்பிய ஒலிகளும் கொண்டு தேடலைத் தூய மகிழ்ச்சியாக்கியது. மர்மம் தருவதாக அது சொல்லவில்லை. எனவே மர்மம் இல்லாமை அதன் குறையாகாது. கொலையையும் சிறையையும் காட்டி ஆடுவோரை உள்ளே அழைக்கும் விளையாட்டோ, தான் எழுப்பிய எதிர்பார்ப்பினால் அளக்கப்படுதலே முறை. ஓய்வுக்காக ஆடுவோர் பொருளற்றதை வேண்டுகின்றனர் எனக் கொள்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். துப்பறியும் புதினத்தையும் பலர் ஓய்வுக்காகவே வாசிக்கின்றனர். அதற்காக முடிச்சு அவிழாத புதினத்தை அவர்கள் ஏற்பதில்லை.

பட்டியலின் மொழி

தேடலைத் தொடங்கிவைப்பது சொல். திரையின் அடியில் உள்ள பட்டியலே இவ்வகைமையின் மொழிப்பகுதி என்பதால், மொழித்துறையினர் கவனிக்க வேண்டிய களமும் அதுவே. ஆங்கிலப் பட்டியல்கள் ஒருசொற் பலபொருளை விரும்பிக் கையாளுகின்றன. ‘போ’ என்னும் ஒரே சொல் வில்லையும், நாடாவில் இட்ட பூமுடிச்சையும், வயலின் வாசிக்கும் கோலையும் குறிக்கும். ‘பேட்’ என்பது வௌவாலாகவும் இருக்கலாம், மட்டையாகவும் இருக்கலாம். இந்த ஐயமே ஆட்டத்தின் சுவை. பிற மொழிக்குப் பெயர்ப்பவர் படத்தைப் பாராது சொல்லை மட்டும் பெயர்ப்பாராயின், பூமுடிச்சு இருக்கும் அறையில் ஆடுவோர் இல்லாத வில்லைத் தேடிக்கொண்டிருப்பார். அங்கு நேர்மையே குலைந்துவிடுகிறது.

தமிழில் இத்தகைய பட்டியலை அமைப்போர் மொழிபெயர்ப்போடு நின்றுவிட இயலாது. அன்னம் பறவையும் சோறும் ஆகும். வேங்கை மரமும் விலங்கும் ஆகும். படி ஏறுவதற்கும் உண்டு, அளப்பதற்கும் உண்டு. இவற்றைக் கொண்டு தமிழுக்கேயுரிய ஐயங்களை எழுப்பலாம். வட்டார வழக்கும் கருதத்தக்கது. தமிழகத்தார் நாற்காலி என்பதை ஈழத்தமிழர் கதிரை என்பர். எவர்க்கான பட்டியல் என்பதை முடிவுசெய்யாமல் எழுதப்படும் சொல் தேடலைச் சொற்பொருள் ஆராய்ச்சியாக்கிவிடும்.

சில விளையாட்டுகள் பெயருக்கு மாற்றாக விடுகதையைத் தந்து, விடையாகிய பொருளைக் காட்சியில் தேடச் செய்கின்றன. தொல்காப்பியம் செய்யுளியலில் பிசியை ஓர் இலக்கிய வடிவமாகக் கொண்டதை இங்கு நினைவுகூரலாம். விடுகதைப் பட்டியலில் சொல்லை அவிழ்த்தலும் பொருளைக் காணலும் ஒரே செயலாகின்றன. பொருளின் பெயரை மட்டும் தருவதைவிட இது அறிவுப்பேற்றுக்கு அணுக்கமானது. தமிழில் இவ்வகைமை உருவாகுமாயின், விடுகதை மரபு அதற்குக் கைகொடுக்கும்.

காத்திருப்பும் கட்டணமும்

விலை கொடுத்து ஒருமுறை வாங்கும் முறை மாறி, இலவசமாகத் தொடங்கி இடையிடையே பணம் பெறும் முறை பரவியபோது இவ்வகைமையின் உட்கட்டமைப்பும் மாறியது. பாரிஸ் நகரைச் சார்ந்த பிரெட்டி சிம்பிள் நிறுவனம் 2012இல் முகநூலில் வெளியிட்ட ‘கிரிமினல் கேஸ்’, பெர்லினைச் சார்ந்த வூகா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘ஜூன்ஸ் ஜர்னி’ ஆகியவை இதற்குச் சான்றுகள். ஒவ்வொரு தேடலுக்கும் ஆற்றல் அலகுகள் செலவாகும். அவை தீர்ந்தால் காத்திருக்க வேண்டும் அல்லது பணம் செலுத்த வேண்டும். கதை நகர்வதற்குப் போதிய விண்மீன்களைப் பெற ஒரே காட்சியைப் பலமுறை தேட வேண்டும்.

வணிக நோக்கில் இது குற்றமாகாது. ஆக்குவோருக்கும் வாழ்வு வேண்டும். மதிப்பீட்டு நோக்கில் இதன் விளைவு தெளிவாகக் கூறப்பட வேண்டும். தடயத்தைக் கண்டெடுத்த பின்னரும் அதே கொலைக்களத்தை ஐந்தாம் முறை தேடுபவர் எதனையும் ஆராயவில்லை. பொருள்களின் இருப்பிடத்தை மனப்பாடம் செய்கிறார். விரைவுக்கு மதிப்பெண் கிடைப்பதால் உற்றுநோக்கலும் தேவையற்றதாகிறது. வகைமையின் மையச் செயலே தன் எதிர்நிலைக்குத் திரும்பிவிடுகிறது. படம் அழகு, கதை விறுவிறுப்பு என்று மட்டும் எழுதும் மதிப்புரை இம்மாற்றத்தைக் காண்பதில்லை. தேடலை அளவுகோலாகக் கொள்ளும் மதிப்புரை இதனை முதல் வரியிலேயே கூற இயலும்.

முடிவுரை

மறைபொருள் மர்ம விளையாட்டை மதிப்பிடுவோர், மறைத்தல் நேர்மையானதா, பொருள்கள் இடத்தோடு இயைந்தனவா, கண்டவை கதையைப் பற்றிய அறிவாக மாறினவா என்னும் மூன்று வினாக்களை வரிசையாகக் கேட்டல் வேண்டும். பட்டியலின் மொழி ஆடுவோரின் மொழியா என்பதும், கட்டணமுறை தேடலைக் காக்கிறதா குலைக்கிறதா என்பதும் இவற்றோடு சேர்த்துப் பார்க்கத்தக்கவை. ஓவியமும் இசையும் ஆட்டநேரமும் இவற்றுக்குப் பின்னரே எண்ணப்பட வேண்டும்.

தமிழில் கணினி விளையாட்டு பற்றிய பேச்சு பெரும்பாலும் அடிமைப்படுதல், நேரவிரயம் என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. அக்கவலைக்கு இடமுண்டு. ஆயினும் ஆடுவோரை எச்சரிப்பதோடு நின்றுவிடும் சமூகம், அவர்கள் எதனை ஆடுகின்றனர் என்பதைப் பகுத்தறியும் திறனை அவர்களுக்கு வழங்குவதில்லை. குறிப்புப்பொருளையும் உள்ளுறையையும் நுணுகி ஆராய்ந்த பயிற்சி தமிழ்த் துறைகளுக்கு உண்டு. மேற்பரப்பில் இருப்பதிலிருந்து மறைந்திருப்பதை உணர்த்தும் கலை எதுவாயினும் அப்பயிற்சிக்கு அயலானதன்று. முதற்கட்டமாக, தமிழர்கள் ஆடிவரும் ஓரிரு விளையாட்டுகளையேனும் மேற்கூறிய வினாக்களைக் கொண்டு விரிவாக மதிப்பிட்டு எழுதுதல் வேண்டும். அம்மதிப்பீடுகள் ஆடுவோருக்குத் தெரிவு செய்யும் தெளிவையும், தமிழில் இவ்வகைமையை உருவாக்க முனைவோருக்கு ஒரு தொடக்கத்தையும் அளிக்கும்.